எட்டாவது பூச்சு

காலையில் தொட்டபோதே கதவு சூடாக இருந்தது.

பட்டறைக்குள் வெயில் எட்டிப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தகரக் கூரை இரவுக் குளிரை விடாமல் பிடித்து வைத்திருந்தது. சுவரோரம் சாய்த்திருந்த மட்கார்டுகளும் பானட்டும் விரல் வைத்தால் சில்லென்று இருந்தன. நேற்று மாலை பழைய கார்களை உடைக்கும் இடத்திலிருந்து வந்து இறங்கிய அந்தப் பின்கதவு மட்டும், அதே நிழலில், அதே சுவரில் சாய்ந்துகொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகுபோல வெதுவெதுவென்று இருந்தது. இளையவள் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் வைத்துப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொல்லக்கூடாது என்பதில் அவள் தெளிவாக இருந்தாள்.

அந்த வீட்டின் இளைய மருமகள் என்பதால் எல்லோருக்கும் அவள் இளையவள். பட்டறையின் பெயிண்டராக இருந்தவன் அவள் புருஷன். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிச் சொல்லியே பெயிண்ட் புகையை இழுத்து, நெஞ்சு கெட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். கூடமாட நின்று வேலை கற்றிருந்ததால் ஸ்பிரே கன் அவள் கைக்கு வந்தது. அவன் போன மூன்றாம் மாதம், பெயிண்ட் அறைக்குள் அவன் இருமுவது கேட்கிறது என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை இரண்டு வருஷமாக அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

முதலாளி மூத்தவர், புருஷனுடைய அண்ணன். அவருக்கும் ஓரகத்திக்கும் பிள்ளை இல்லை. இளையவளின் மகள் குட்டிக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது, முதல் வகுப்பு. ஓரகத்தி அவளை இடுப்பில் தூக்கினால் இறக்க மாட்டாள். மூத்தவர் போன மாதம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நிதானமாகச் சொல்லியிருந்தார்:

"இன்னொரு தடவை காதுல கேக்குது, கண்ணுல தெரியுதுன்னு எதாவது சொன்னே, உன்னை உங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன். குட்டி இங்கதான் வளரும். புத்தி பிசகினவகிட்ட பொம்பளப் பிள்ளையை விட்டுட்டு நான் நிம்மதியா தூங்க முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா."

அன்றிலிருந்து அவள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

லாரி இடித்து நசுங்கிய ஒரு காருக்கு இந்தக் கதவை மாட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை வண்டி வெளியே போக வேண்டும். இன்று புதன். அவள் கைப்பிடியைக் கழற்றினாள். கண்ணாடி ஓரத்து ரப்பரை உருவினாள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, தின்னர் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைத்தாள். தின்னர் நெடி எல்லா வாசனையையும் தின்றுவிடும். இதில் தின்னரையும் மீறி ஒன்று வந்தது. பள்ளிக்கூடப் பைக்குள் மறந்துபோன டிபன் டப்பாவை விடுமுறை முடிந்து திறந்தால் வருமே, அந்தப் புளித்த மூச்சு.

கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினாள். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம் கூரையில் போய் முட்டித் திரும்பியது. வெள்ளை போய்ச் சாம்பல் வந்தது. சாம்பலுக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் கரும்பச்சை, பிறகு நீலம், பிறகு சந்தன நிறம், கடைசியில் கறுப்பு. வெட்டிய மரத்தில் தெரியும் வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு. அவள் கை நின்றது. ஒரு கார் அதன் ஆயுளுக்கு ஒரு தடவை நிறம் மாறும், மிஞ்சினால் இரண்டு தடவை. இந்தக் கதவை ஏழு பேர் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கு அடியிலும் பள்ளத்தை நிரப்பும் பட்டி இருந்தது. எல்லாப் பட்டியும் ஒரே இடத்தில்.

அந்த இடத்தில்தான் தகடு முதலில் வெளுத்தது. ஐந்து புள்ளி. நான்கு வரிசையாக, ஒன்று தள்ளி, கொஞ்சம் கீழே. மிளகளவு மேடுகள்.

"என்ன தங்கச்சி, கதவுக்கு அம்மை போட்டிருக்கா?"

நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்க்கும் ஆள் பின்னால் வந்து நின்றான். சுத்தியல் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் பெயரே சுத்தியல் என்று ஆகிவிட்டது.

"மேடு அண்ணே. அஞ்சு இடத்துல."

அவன் உள்ளங்கையால் தடவினான். "இது வெளியில அடிபட்டது இல்லையே. உள்ளேர்ந்து குத்தினது. எவனோ உள்ள மாட்டிக்கிட்டு, தொறந்து விடுங்கடான்னு விரலால குத்தியிருக்கான்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

மேசையிலிருந்து மூத்தவரின் குரல் வந்தது. "என்ன சிரிப்பு அங்க?"

"ஒண்ணுமில்ல முதலாளி. கதவுக்குள்ள ஆள் இருக்காம்."

மூத்தவர் சுத்தியலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

கட்டையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது. அவள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் முதலாளி. சும்மா விளையாட்டுக்கு."

"நீ சொன்னா சரி," என்றார் மூத்தவர். "நீ சொன்னா அது விளையாட்டு."

கதவு என்பது ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. நடுவே கண்ணாடி இறங்கி நிற்பதற்காக அரைச் சாண் இருட்டு. சுத்தியல் உள்தகட்டின் பெரிய ஓட்டை வழியாகக் கையை விட்டு, டாலியை, அதாவது தாங்கு கொடுக்கும் இரும்புக் கட்டியை, வெளித்தகட்டின் முதுகில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து மேடுகளைத் தட்டி இறக்கினான். டங். டங். டங். ஐந்தும் அடங்கின. டாலியை மேசையில் வைத்தான், சுத்தியலைக் கீழே வைத்தான், பீடி தேடிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு ஒன்று கேட்டது. டங் இல்லை. உள்ளிருந்து, மெதுவாக, நகத்தால் தட்டியதுபோல. டொக்.

மூத்தவர் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதே ஒரு பேச்சு.

வியாழக்கிழமை பட்டி வைத்துச் சமன்படுத்தி, சாம்பல் நிறப் பிரைமர் அடித்தாள். அது காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டைத் தூசிபோல மேலே தூவினாள். புருஷன் கற்றுக்கொடுத்த வழி அது. தூவிவிட்டு, வாட்டர் பேப்பர் என்னும் ஈர உப்புத்தாளால் தேய்த்தால் தகடு தன் ரகசியத்தைத் தானே சொல்லிவிடும். பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேட்டில் முதலில் வெளுக்கும். கண்ணை நம்பாதே, கையையும் நம்பாதே, கறுப்பை நம்பு என்பான்.

அவள் தேய்த்தாள். மேலே, கீழே, குறுக்கே. தண்ணீர் வழிந்து கறுப்பைக் கழுவிக்கொண்டு போனது. நேற்று தட்டிய இடம் கண்ணாடிபோல நின்றது. அதற்கு ஒரு சாண் கீழே, நேற்று ஒன்றுமே இல்லாத இடத்தில், வெளுத்தது. ஐந்து. பக்கத்தில் இன்னும் ஐந்து.

இரண்டு கை. அவள் தன் கையை மேலே வைத்துப் பார்த்தாள். அவள் விரல்களுக்கு நடுவே அந்தப் புள்ளிகள் மிச்சமாக நின்றன. சின்னக் கைகள்.

மேட்டைத் தட்டித்தான் இறக்க வேண்டும். தட்ட வேண்டும் என்றால் சுத்தியலைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். அவள் கூப்பிடவில்லை. மேட்டைச் சுற்றிப் பட்டியை ஏற்றி, கதவு முழுவதையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, மேடே இல்லாததுபோலக் காட்டலாம். திருட்டு வேலை. அவள் புருஷன் சாகும்வரை செய்யாத வேலை. பட்டித் தகட்டால் அவள் வழித்து வழித்துப் பூசினாள். அப்போதுதான் அவளுக்கு அந்த ஏழு பேர் விளங்கினார்கள். அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வாயைத் திறக்க முடியாதபடி ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. ஒவ்வொருவரும் மூடி, பளபளவென்று நிறம் பூசி, அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஈரப் பட்டிக்கு அடியில் ஒரு புள்ளி அசைந்தது. நிறைமாத வயிற்றில் பிள்ளை உதைத்தால் வெளியே ஓடுமே ஓர் அலை, அப்படி. இடமிருந்து வலமாக ஓடி, அவள் கட்டைவிரலுக்கு அடியில் வந்து, நின்றது.

அவள் விரலை எடுக்கவில்லை. கத்தவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அதன் மேல் இன்னொரு வழிப்புப் பட்டி போட்டாள்.

"ஏண்டி, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கு?" ஓரகத்தி வாசலில் நின்றிருந்தாள். குட்டி அவள் இடுப்பில், வழக்கம்போல இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"பட்டி நெடி அக்கா."

"ரெண்டு வருஷமா இல்லாத நெடியா?" ஓரகத்தி கண்ணைச் சுருக்கினாள். "எதாவது கேக்குதா?"

"இல்லக்கா."

"அம்மா, நீ நாத்தம். நான் வர மாட்டேன், போ," என்றாள் குட்டி மூக்குக்குள்ளிருந்து. பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த நேரத்தில், மூத்தவர் கதவைப் பார்வையிட வந்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே ஏதோ உருண்டு போய் மோதியது.

"உள்ள என்னடா உருளுது?"

சுத்தியல் பாய்ந்து வந்தான். "என் சின்ன டாலி! ரெண்டு நாளா தேடாத இடம் இல்ல. மேசையிலதானே வச்சேன்? தங்கச்சி, நீ பாத்தியே, மேசையில வச்சேனா இல்லையா?"

அவள் பார்த்தாள்தான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்த இரும்புக் கட்டி மேசை ஓரத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்தாள். "தெரியல அண்ணே," என்றாள்.

"அது உருண்டுக்கிட்டே இருந்தா வண்டிக்காரன் என் கழுத்தைப் புடிப்பான். எடு வெளிய."

டாலி முன்மூலையில், குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் போய்ச் சிக்கியிருந்தது. அங்கே போக இருந்தது மூன்று விரல் அகல ஓட்டை ஒன்றுதான். சுத்தியல் கம்பி நுனியில் காந்தம் கட்டி விட்டான். காந்தம் பிடித்துக்கொண்டது. இழுத்தான். வரவில்லை. விட்டான். கம்பி தானாக உள்ளே இரண்டு அங்குலம் போனது.

"சட்டத்துல ஒட்டுது, சனியன்," என்றான் சுத்தியல், கம்பியைப் பிடுங்கிக்கொண்டு. காந்தம் உள்ளேயே போய்விட்டது. "தங்கச்சி, உன் கைதான் ஒல்லி. விட்டுப் பாரு."

அவள் விட்டாள். மூத்தவர் பார்த்துக்கொண்டிருந்தார், விடாமல் என்ன செய்வது. மணிக்கட்டு வரை போனது. உள்ளே காற்று சூடாக, ஈரமாக இருந்தது, யாரோ கையில் மூச்சு விடுவதுபோல. விரல் நுனியில் இரும்பு பட்டது. தொட்டதும் அது ஓர் அங்குலம் நகர்ந்தது. அவள் நீட்டினாள். இன்னும் ஓர் அங்குலம். பிறகு இரும்பு இல்லை. மெத்தென்று ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரல் நுனியில் வந்து ஒட்டியது. பிறகு மோதிர விரலில். நடுவிரலில். ஒவ்வொன்றாக. நுனியோடு நுனி. செருப்புக் கடையில் பாதத்தோடு பாதம் வைத்து அளவு பார்ப்பதுபோல, அவசரம் இல்லாமல்.

ஐந்தும் பார்த்து முடிந்தது. விட்டுவிட்டது. பெரிதாக இருக்கிறது, வேண்டாம் என்றதுபோல.

அவள் கையை உருவினாள். மணிக்கட்டில் தகடு கீறி ரத்தம் கோடிட்டது.

"எட்டல மாமா."

மூத்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். வீட்டுப்பக்கம் திரும்பினார். "குட்டி! இங்க ஓடி வா. உன் கை சின்னக் கை."

இளையவள் கீறிய மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "வேணாம் மாமா. தகடு கிழிச்சிடும். பாருங்க, எனக்கே..."

"துணி சுத்திக்கலாம்," என்றாள் பின்னாலேயே வந்த ஓரகத்தி. தன் கைக்குட்டையை எடுத்துக் குட்டியின் மணிக்கட்டில் சுற்றினாள். குட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்களால் முடியாத வேலை. மூக்கைப் பொத்துவதா, கையை நீட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள்.

"நாளைக்குக் காலையில நானே வெளித்தகட்டை அறுத்து எடுத்துடறேன். அவ வேணாம்."

"அறுக்கப் போறியா? ரெண்டு நாள் வேலையை?" மூத்தவரின் குரல் தாழ்ந்தது. தாழ்ந்தால்தான் பயம். "ஏன்? அப்படி என்ன இருக்கு உள்ள?"

சுத்தியல் பீடியைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தான். ஓரகத்தியின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு, இரண்டு வருஷமாகக் காத்திருந்த சிரிப்பு, வரலாமா என்று எட்டிப் பார்த்தது.

"சொல்லும்மா. உள்ள யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றால் இன்று இரவே அண்ணன் வீடு. குட்டி இங்கே. இல்லை என்றால் குட்டி இங்கே, அவளும் இங்கே. ஒரு கைதானே. ஒரு நிமிஷம்தானே. தான் பக்கத்தில்தானே நிற்கிறோம். எல்லாம் மனப்பிரமையாகவும் இருக்கலாம். இவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

"இல்ல," என்றாள்.

குட்டி கையை விட்டாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள்வரை போய், கன்னம் உள்தகட்டில் அழுந்தி, உதடு கோணி நின்றாள். "இருட்டா இருக்கும்மா," என்றாள். "அம்மா, நீ இங்கயே..."

நின்றுவிட்டாள்.

கண் இமைக்கவில்லை. தொண்டை அசையவில்லை. தூக்கிய ஒரு கால் தூக்கியபடி. எவ்வளவு நேரம்? மூன்று மூச்சா, நான்கா. வெளித்தகட்டில், இளையவள் வழித்து வழித்து மூடிய பட்டிக்கு அடியில், மெல்லிய ஒரு சத்தம். ஒரு சின்ன உடம்பு நெருக்கடியில் புரண்டு படுப்பதுபோல.

"குட்டி!" அவள் அந்தப் பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்தாள். தடையே இல்லாமல் கை வந்துவிட்டது. உள்ளங்கையில் டாலி.

"இந்தாங்க," என்றாள் குட்டி.

சுத்தியல் கைதட்டினான். ஓரகத்தி வாரி அணைக்கப் போனாள். குட்டி நழுவி வந்து இளையவளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை, நிழலில் கிடந்த மட்கார்டுபோல, சில்லென்று இருந்தது.

"நான் அம்மாகிட்டதான் இருப்பேன்."

மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்திலேயே தின்னர் டப்பா திறந்து கிடந்தது. குட்டி அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

அன்று ராத்திரி குட்டி அடுப்படியிலிருந்து வந்து கூப்பிட்டாள்: "அம்மா, சாப்பிட வாங்க."

வா போ தவிர அந்தப் பிள்ளை அம்மாவிடம் வேறு பேசியதில்லை. ஓரகத்திக்கு வாயெல்லாம் பல். "பாருங்க, ஒரே நாள்ல மரியாதையெல்லாம் வந்துடுச்சு!" மூத்தவர்கூடச் சிரித்தார். பிறகு, சோற்றைப் பிசைந்தபடியே, இளையவள் இரண்டு வருஷமாகக் கேட்கத் தவித்ததைச் சொன்னார்:

"பிள்ளை உன்னை விட்டு இருக்க மாட்டேங்குது. நீயும் இப்பல்லாம் ஒழுங்கா இருக்கே. சரி, உங்கூடவே இருக்கட்டும். இனிமே அந்தப் பேச்சு வேணாம்."

அவள் தலையாட்டினாள். கண்ணீர் வந்தது. எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் குட்டி ஒரு பருக்கைகூடச் சிந்தாமல், வாய் திறக்காமல் மென்றுகொண்டிருந்தாள். அம்மாவையே பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை பெயிண்ட் அறை. தூசி பறக்காமலிருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாள் தொங்கியது. இரண்டு குழல்விளக்குகள். நடுவில், தாங்கியில் நிறுத்திய கதவு. வெளியே வண்டிக்காரர் வந்துவிட்டார்; மூத்தவர் அவரோடு பேசும் சத்தம் தாளுக்கு அப்பால் மங்கலாகக் கேட்டது. நிறம் அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

கடைசியாக ஒரு தடவை கறுப்பைத் தூவித் தேய்த்துப் பார்க்க வேண்டும். அவள் தேய்த்தாள். இருந்துவிடக்கூடாதே என்று தேய்த்தாள்.

கறுப்பு வழிந்து போனது. வெளுத்தது. இந்தத் தடவை புள்ளிகள் இல்லை. கோடு. ஒரு விரல் உள்ளிருந்து அழுத்தி அழுத்தி இழுத்த கோடு. வளைந்து, சுழிந்து, நின்று, மறுபடி தொடங்கி. முதல் வகுப்புப் பிள்ளையின் கோணல்மாணல் கையெழுத்து. உள்ளிருந்து எழுதியதால் வெளியே திரும்பித் தெரிந்தது.

அ.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த எழுத்துக்கு ஒரு வளைவு எழும்பியது. பட்டி விரிசல் விட்டது. பொடி உதிர்ந்தது. ம் என்பதன் மேல் புள்ளி, ஒரே குத்தாக. டொக்.

வாட்டர் பேப்பர் கையிலிருந்து விழுந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்தாள். சூடு. பழக்கப்பட்ட சூடு. பிள்ளைக்குப் பல் முளைத்த காய்ச்சலில் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்த அதே சூடு. "குட்டி," என்றாள், சத்தம் வராமல்.

உள்ளே அவசரமாக அடித்தது. டொக் டொக் டொக் டொக்.

"என்னம்மா, ஆச்சா?" தாளுக்கு அப்பால் மூத்தவர். "வண்டிக்காரர் நிக்கிறாரு."

சொல்ல வேண்டும். இப்போதே. வெளியே ஓடிப் போய், எல்லோர் முன்னாலும், என் பிள்ளை கதவுக்குள்ளே இருக்கிறாள், வீட்டுக்குள்ளே இருப்பது அவள் இல்லை என்று. அவள் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் வெளியே எப்படிக் கேட்கும் என்பது அவளுக்கே முதலில் கேட்டது. கத்தக் கத்த இழுத்துப் போவார்கள். அவள் அண்ணன் வீட்டில் இருப்பாள். கதவு காரில் ஏறி எங்கேயோ போயிருக்கும்.

பிளாஸ்டிக் தாள் விலகியது.

குட்டி உள்ளே வந்தாள். செருப்பு இல்லாத கால், ஈரத் தரையில் சத்தமே இல்லாமல். இளையவளின் பக்கத்தில் வந்து நின்று, கதவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், பழைய வீட்டைப் பார்ப்பதுபோல. அந்த எழுத்தில் பார்வை நின்றது.

"அங்க ஒரு மேடு விட்டுப்போச்சு," என்றாள்.

"நீ யாரு?"

"உங்க பொண்ணு," என்றாள். "வேணும்னா கேட்டுப் பாருங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

டொக் டொக் டொக்.

"ஆச்சாம்மா?"

"இதோ ஆச்சு பெரியப்பா!" என்று குட்டி திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள். குட்டியின் குரல். அதே கிளிக்குரல். ஸ்பிரே கன்னை இரண்டு கையாலும் தூக்கி, அம்மாவின் கையில் வைத்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிடிக்க வைத்தாள். அந்தச் சில்லென்ற சின்ன விரல் விசையின் மேல், அவள் விரலுக்கு மேல், வந்து படிந்தது. இரும்பின் கனம் இருந்தது அதில்.

"சீக்கிரம் அடிங்கம்மா. அப்புறம் எழுதிக்கிட்டே இருப்பா."

கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. அடித்தது அவளா, அந்த விரலா. பெயிண்ட் புகையாகப் பாய்ந்தது. நீலம். ஈரமான, ஆழமான நீலம். எழுத்தின் மேல் படிந்தது. வளைவு மறைந்தது. புள்ளி மறைந்தது. கதவு முழுக்க ஒரே பளபளப்பாக, குழல்விளக்குகள் இரண்டும் அதில் கோணாமல் தெரிந்தன. நடுவே ஓர் அம்மாவும் ஒரு பெண்ணும் கைகோத்து நிற்பதும் தெரிந்தது.

தட்டும் சத்தம் நின்றது.

பிறகு, குட்டியின் உயரத்தில், ஈர நீலம் ஒரு சின்ன வாயளவுக்கு வட்டமாக உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே உப்பியது. மறுபடி இழுத்துக்கொண்டது.